ஒன் கட் ஆஃப் தி டெட்: ஜாம்பிகளுக்கு நடுவே ஒரு குடும்பம்

செத்த பின்னும் எழுந்து நடமாடி, கடிபட்டவரையும் தம்மைப் போல ஆக்கிவிடும் ஜாம்பிகளைப் பற்றிய படங்களில் குடும்பம் என்பது பெரும்பாலும் இழக்கப்படுவதற்காகவே அறிமுகமாகிறது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில், நிலவறையில் நோயுற்றுக் கிடக்கும் சிறுமி, தன்னைக் காப்பாற்றுவதற்காகவே அங்கே பதுங்கியிருந்த தகப்பனைத் தின்று, தாயையும் குத்திக் கொல்கிறாள். பெற்ற பிள்ளை தன்னை அடையாளம் தெரியாமல் பார்க்கும் அந்த ஒரு பார்வையில்தான் இந்த வகைப் படங்களின் திகில் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. திகிலோடு நகைச்சுவையைக் கலந்த படங்களும் இந்த இடத்துக்கு வரும்போது சிரிப்பை நிறுத்திவிடுகின்றன. எட்கர் ரைட் இயக்கி 2004இல் வெளிவந்த ‘ஷான் ஆஃப் தி டெட்’ படத்தில், அதுவரை நம்மை விழுந்து விழுந்து சிரிக்கவைத்த நாயகன், கடிபட்ட தன் தாயின் முன் துப்பாக்கியோடு நிற்கும் காட்சியில் ஒரு வேடிக்கை வசனம்கூட அந்தத் துயரத்தைக் குலைப்பதில்லை.

ஷினிச்சிரோ உவேடா எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் செய்து 2017இல் உருவான ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ என்னும் ஜப்பானியப் படம் இந்த மரபுக்குள்தான் தொடங்குகிறது. ஆனால் அது சென்று சேரும் இடம் வேறு. இந்தப் படத்தில் பெற்றவரையோ பிள்ளையையோ யாரும் சாவுக்குப் பறிகொடுப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கும் மூன்று பேர், ஒரு மட்டமான ஜாம்பிப் படத்தை எப்படியாவது எடுத்து முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியில் மீண்டும் ஒரு குடும்பமாவதே இதன் கதை. இந்த வகையில் நான் பார்த்த படங்களில் குடும்பப் பாசத்தை மிக நேர்மையாகக் காட்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பாசத்தைப் பற்றி இதில் ஒருவர்கூட வாய் திறந்து ஒரு சொல் பேசுவதில்லை என்பதே அதற்கு முதற்காரணம்.

படம் உருவான விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் நடிப்பும் இயக்கமும் கற்பிக்கும் என்பு செமினார் என்ற பயிற்சி நிறுவனத்தின் பட்டறையில், பெயர் அறியப்படாத நடிகர்களை வைத்து, ஏறத்தாழ 30 லட்சம் யென் செலவில் இது எடுக்கப்பட்டது. ஜப்பானியத் திரைத்துறையின் அளவுகோலில் இது செலவென்றே கருதமுடியாத தொகை. 2017 நவம்பரில் சில நாட்கள் மட்டும் சிறு அரங்கு ஒன்றில் காட்டப்பட்டு, 2018 ஜூனில் டோக்கியோவில் இரண்டே அரங்குகளில் முறையாக வெளியானது. பார்த்தவர்கள் வாய்மொழியாகப் பரப்பியதால் நாடெங்கும் அரங்குகள் பெருகி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. ஜப்பான் அகாதமி விருதுகளில் சிறந்த படத்தொகுப்புக்கான பரிசையும் பெற்றது. அந்தப் பரிசு எவ்வளவு பொருத்தமானது என்பது படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது விளங்கும்.

முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பாழடைந்த நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஒரு சிறு குழு ஜாம்பிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நாயகியின் முகத்தில் உண்மையான பயம் வரவில்லை என்று இயக்குநர் வெறிபிடித்தவரைப் போலக் கத்துகிறார். சிறிது நேரத்தில் உண்மையான ஜாம்பிகள் வந்துவிடுகின்றன. குழுவினர் ஒவ்வொருவராகப் பலியாகின்றனர். இயக்குநரோ மகிழ்ச்சியோடு கேமராவைத் தொடர்ந்து ஓடவைக்கிறார். கேட்பதற்குச் சுவையான கருவாகத் தோன்றினாலும், திரையில் அது பல இடங்களில் தடுமாறுகிறது. உயிருக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் மூவர் திடீரென்று ஒருவருடைய பொழுதுபோக்கு என்னவென்று விசாரித்துக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவாளர் காரணமே சொல்லாமல் எழுந்து வெளியே போகிறார். கேமரா தரையில் விழுந்து, சற்று நேரம் அப்படியே கிடக்கிறது. நாயகி தேவைக்கு மேல் நெடுநேரம் அலறுகிறாள். இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் போனவர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆயினும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உறுத்துகின்ற ஒவ்வொன்றையும் மனத்தில் குறித்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள். அந்தத் தடுமாற்றங்களில் ஒன்றுகூட வீணுக்கு வைக்கப்பட்டதில்லை.

இதற்கு மேல் எழுதப்போவது கதையின் திருப்பங்களை வெளிப்படுத்தும். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, முன்னோட்டக் காட்சியைக்கூடத் தேடாமல், நேராகப் படத்தைப் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

37 நிமிடங்கள் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகு, கதை ஒரு மாதம் பின்னோக்கிச் செல்கிறது. நாம் பார்த்தது, புதிதாகத் தொடங்கப்படும் ஜாம்பித் தொலைக்காட்சி ஒன்றுக்காக, வெட்டே இல்லாமல் நேரலையில் ஒளிபரப்பான ஒரு நாடகம் என்பது அப்போதுதான் தெரிகிறது. அதை இயக்கும் பொறுப்பு ஹிகுராஷி என்பவரிடம் வந்து சேர்கிறது. பாடல் காணொளிகளும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான மறுநடிப்புக் காட்சிகளும் எடுத்துப் பிழைப்பவர் அவர். வேகமாக எடுப்பேன், மலிவாக எடுப்பேன், தரம் சுமாராக இருக்கும் என்பதே தொழிலில் தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்ளும் விளம்பரம். தகயுகி ஹமாட்சு இந்த மனிதரை நடித்திருக்கும் விதம் மனத்தை விட்டு அகலாதது. முன்பகுதியில் கத்திக் குதறிய அதே முகம் இங்கே குனிந்து, சிரித்து, எல்லோருடைய பேச்சுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. தன் நிறுவனம் சம்மதிக்காது என்று சாக்குச் சொல்லி எதையும் செய்ய மறுக்கும் நாயகிக்கும், ஒவ்வொரு வசனத்திலும் தர்க்கப் பிழை கண்டுபிடிக்கும் நாயகனுக்கும் அவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறார்.

அவருடைய மகள் மாவோவும் அதே தொழிலில் கால் வைத்திருக்கிறாள். ஆனால் தகப்பனுக்கு நேர்மாறான குணம். ஒரு படப்பிடிப்பில் குழந்தை நட்சத்திரத்தின் கண்ணில் மருந்துச் சொட்டு விட்டு எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்லும்போது, உண்மையான கண்ணீர்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். குழந்தையின் தாயோடு தகராறாகிறது. சுமாராக எடுத்துப் பிழைக்கும் தகப்பனைப் பற்றி அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன இருக்கும் என்பதைப் படம் விளக்குவதில்லை. தகப்பன் இருக்கும் அறையில் அவள் எங்கே பார்க்கிறாள், அவருடைய கேள்விக்கு எத்தனை சொல்லில் பதில் சொல்கிறாள் என்பதைக் கவனித்தாலே போதும். அந்த வீட்டில் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குக்கூட அவர்களுக்கிடையே பேச்சு மிஞ்சவில்லை. வளர்ந்த பிள்ளைகளைக் கொண்ட எத்தனையோ வீடுகளில் நிலவும் இந்த மௌனத்தை, மிகைப்படுத்தாமலும் பழி சுமத்தாமலும் சில நிமிடங்களில் பதிவுசெய்திருப்பது உவேடாவின் திறமை.

நேரலையில் ஒரே ஷாட்டில் எடுப்பது நடக்கிற காரியமில்லை என்று முதலில் தயங்கிய ஹிகுராஷி, அந்த வேலையை ஏன் ஒப்புக்கொள்கிறார் என்பதிலும் இதே நுட்பம் இருக்கிறது. நாயகனாக நடிக்கப்போகும் இளைஞனைத் தொலைக்காட்சியில் கண்டதும் மகளின் முகம் மலர்வதை அவர் பார்க்கிறார், அவ்வளவுதான். அவள் விரும்பும் ஒருவரோடு வேலை செய்தால் தன்னையும் அவள் கொஞ்சம் மதிப்பாளோ என்ற அந்த ஏக்கம் வசனமாக வெளிவருவதே இல்லை. தகப்பன்மார் பலருடைய பாசம் இப்படித்தான் சுற்றுவழியில் பயணம் செய்கிறது.

தாய் ஹருமி முன்னாள் நடிகை. பாத்திரத்துக்குள் இறங்கிவிட்டால் தன்னை மறந்து, எதிரே நடிப்பவரை உண்மையாகவே தாக்கிவிடுவார் என்பதால் நடிப்பைக் கைவிட்டவர். இப்போது தற்காப்புக் கலையைப் பார்த்துப் பழகிக்கொண்டு, பின்னாலிருந்து பிடிப்பவரின் பிடியிலிருந்து ‘போம்’ என்று கத்தியபடி கைகளை உயர்த்தி விடுபடுவதை வீட்டாரிடம் செய்து காட்டுகிறார். இவராக நடித்திருக்கும் ஹருமி ஷுஹாமாவின் உடல்மொழி இந்த இடங்களில் படத்துக்குப் பெரும் பலம்.

நேரலை நாளன்று, படத்துக்குள் வரும் இயக்குநராகவும் ஒப்பனைக் கலைஞராகவும் நடிக்கவேண்டிய இருவரும் விபத்தில் சிக்கி வராமல் போகிறார்கள். வசனம் முழுவதும் தெரிந்தவர் ஹிகுராஷி ஒருவரே என்பதால் இயக்குநர் வேடம் அவர் தலையில் விழுகிறது. வீட்டில் கணவரின் வசனப் பிரதியைத் திரும்பத் திரும்பப் படித்திருந்த ஹருமி மற்ற வேடத்தை ஏற்றுக்கொள்கிறார். கணவரின் சுமாரான நாடகத்தை மனைவி மனப்பாடமாகும் அளவுக்குப் படித்திருக்கிறார் என்ற இந்தச் செய்தி, அவசரத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது. நின்று யோசித்தால் அந்தத் திருமணத்தைப் பற்றி அதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது.

இதன் பிறகு, முதற்பகுதியில் பார்த்த அதே 37 நிமிடங்களைக் கேமராவுக்குப் பின்னால் இருந்து பார்க்கிறோம். எழுந்து போன ஒலிப்பதிவாளருக்கு வயிற்றுப்போக்கு. கேமரா தரையில் கிடந்தது, ஒளிப்பதிவாளருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்ததால். தள்ளாடிய ஜாம்பி உண்மையிலேயே குடித்துவிட்டு நினைவிழந்த நடிகர்; மற்றவர்கள் அவரைப் பின்னாலிருந்து தாங்கிப்பிடித்து ஆட்டுவிக்கிறார்கள். பொழுதுபோக்கைப் பற்றிய அந்த அபத்தமான உரையாடல், அடுத்த காட்சி தயாராகும்வரை நேரத்தை ஓட்டுவதற்காக நடிகர்கள் தவித்துத் தவித்துக் கண்டுபிடித்தது. முதல்முறை குறையென்று எண்ணிய ஒவ்வொன்றும் இப்போது யாரோ ஒருவர் மற்றொருவருக்காக ஓடி வந்து முட்டுக்கொடுத்த இடமாக மாறுகிறது. அரங்கமே குலுங்கும்படியான சிரிப்பு இந்தப் பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு யாரையும் இழிவுபடுத்தாத சிரிப்பு.

அதைவிட முக்கியமானது ஹிகுராஷிக்கு நிகழ்வது. வேடத்தின் மறைவில் நின்று, இத்தனை நாள் தன்னை ஆட்டிப்படைத்த நாயகியையும் நாயகனையும் அவர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்க்கிறார். முதற்பகுதியில் வெறும் மிகைநடிப்பாகப் பட்ட அந்தக் கத்தல், ஒரு மனிதர் பல ஆண்டுகளாக விழுங்கிவைத்த உண்மை என்பது இப்போது புரிகிறது. படப்பிடிப்பைப் பார்க்க வந்திருக்கும் மகள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதற்கும் விட்டுக்கொடுக்காத ஒருவரைத் தன் தகப்பனுக்குள் அவள் காண்பது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல்முறை. ஹருமியும் பாத்திரத்துக்குள் மூழ்கிக் கட்டுமீறி, சக நடிகர்களைத் துரத்தத் தொடங்குகிறார்; அடக்க வருபவர்களின் பிடியிலிருந்து ‘போம்’ என்று நழுவுகிறார். தாயும் தகப்பனும் கேமராவுக்கு முன்னால் போராட, மாவோ பின்னணியில் பிரதியைப் புரட்டி, அடுத்து யார் எங்கே போகவேண்டும், எதை மாற்றிச் சமாளிக்கலாம் என்று முடிவெடுத்து, முழு நிகழ்ச்சியையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

இறுதிக் காட்சிக்கு உயரத்திலிருந்து எடுக்கும் கிரேன் தேவை, அது உடைந்துவிடுகிறது. அந்த ஷாட் இல்லாமலே முடித்துவிடலாம் என்கிறார் தயாரிப்பாளர். சிறிது வாதிட்டுப் பார்க்கும் ஹிகுராஷி, வழக்கம்போல, சரி என்று பணிந்துவிடுகிறார். அப்போது அவருடைய பிரதிக்குள் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு பழைய புகைப்படம் மாவோவின் கண்ணில் படுகிறது. கையில் கேமராவுடன் ஒரு குழந்தை தகப்பனின் தோளில் உட்கார்ந்திருக்கும் படம் அது. அந்தக் குழந்தை அவள்தான். அடுத்த சில நிமிடங்களில், கையில் வேலையில்லாத அத்தனை பேரும் முட்டிபோட்டு ஒருவர்மேல் ஒருவராக மனிதப் பிரமிடு அமைக்க, உச்சியில் தகப்பன் தோளில் ஏறிக்கொண்ட மகள் கேமராவைப் பிடிக்க, அந்த ஷாட் எடுக்கப்பட்டுவிடுகிறது.

முதற்பகுதியில் இதே ஷாட்டைப் பார்த்தபோது லேசாக நடுங்கிய ஒரு சாதாரண மேற்கோணக் காட்சி என்றுதான் நினைத்திருப்போம். அந்த நடுக்கத்துக்குக் கீழே ஒரு குடும்பமும், அவர்களுக்காக முதுகைக் கொடுத்த பத்துப் பதினைந்து பேரும் இருந்தார்கள் என்பதை அறியும்போது, வெறும் வேடிக்கைக்காகக் கட்டப்பட்டது போலத் தோன்றிய கதையமைப்பு முழுவதும் அந்த ஒரு கணத்துக்காகவே கட்டப்பட்டது என்பது தெரியவருகிறது. மன்னிப்பும் இல்லை, தழுவலும் இல்லை, கண்ணீர் மல்கும் வசனமும் இல்லை. மகள் ஏறுகிறாள், தகப்பன் தாங்குகிறார். உண்மையான கண்ணீர் வேண்டும் என்று அடம்பிடித்த பெண்ணுக்கு அவள் தேடிய உண்மை, உலகிலேயே போலியான ஒரு செயற்கை ரத்த நாடகத்தின் நடுவில் கிடைத்துவிடுகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். நடுப்பகுதியில் வரும் அலுவலகச் சந்திப்புகளும் ஒத்திகைகளும் தொலைக்காட்சித் தொடரின் தட்டையான ஒளியில் எடுக்கப்பட்டிருக்கின்றன. கதை அங்கே சற்று மந்தமாகவே நகர்கிறது. குறைந்த செலவு அதற்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். அதைவிட என்னை உறுத்துவது தாய் ஹருமியின் பாத்திரம். நடிப்பைத் துறந்த ஒரு பெண், எதிர்பாராமல் அதற்குத் திரும்பும் நாள் இது. அவருக்கு அது என்ன பொருள் தருகிறது என்று படம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் இடையிலான பிணைப்பைத் தீட்டிய கவனத்தில் பாதியைத் தாய்க்குக் கொடுத்திருந்தால், மூவரும் சேர்ந்த குடும்பம் இன்னும் முழுமையடைந்திருக்கும். பிரமிடுக் காட்சியில்கூட உணர்ச்சியின் கோடு இருவருக்கிடையே மட்டும்தான் ஓடுகிறது.

இயக்குநர் மிஷெல் ஹசானவிசியுஸ் பிரெஞ்சு மொழியில் இதை மறுஆக்கம் செய்தார். 2022இல் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக அது திரையிடப்பட்டது. அதில் இயக்குநரின் மனைவியாக நடித்தவர் ஹசானவிசியுஸின் மனைவி பெரனிஸ் பெஜோ. மகளாக நடித்தவர் ஹசானவிசியுஸின் சொந்த மகள் சிமோன். உண்மையான குடும்பத்தையே நிறுத்தியும், பெரிய நட்சத்திரங்களும் சீரான ஒளிப்பதிவும் கைகொடுத்தும், அந்தப் படத்தில் மூலத்தின் வெப்பம் வரவில்லை. பெயர் பெற்ற நடிகர்கள் தடுமாறுவதாக நடிக்கும்போது அதை நாம் நடிப்பாகவே காண்கிறோம். அறியப்படாத முகங்கள் தடுமாறும்போது அவர்களுக்காக உள்ளுக்குள் பதறுகிறோம். அந்தப் பதற்றம் இல்லாமல் இந்தக் கதையில் பாசம் பிறப்பதில்லை. 2020இல், தொற்றுநோய்க் காலத்தில், அதே ஜப்பானிய நடிகர்கள் அவரவர் வீடுகளில் இருந்தபடியே நடித்து வெளியிட்ட குறும்படம், இந்த மனிதர்களை மீண்டும் சந்திக்க விரும்புவோர் பார்க்கத்தக்கது.

மொழிமாற்றக் குரலைவிட, ஜப்பானிய ஒலியோடு வசன எழுத்துகளை வைத்துக்கொண்டு பார்ப்பதையே பரிந்துரைப்பேன். ஹிகுராஷி பணிந்து பேசும் குரலும் வெடித்துக் கத்தும் குரலும் ஒரே மனிதருடையவை என்பதை ஹமாட்சுவின் சொந்தக் குரலில் கேட்டால்தான் முழுமையாக உணரமுடியும். வெட்டுண்ட கைகளும் ரத்தமும் வருவதால் சிறு குழந்தைகளை அருகில் வைத்துக்கொள்ளவேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகளோடு பெற்றோர் சேர்ந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஜாம்பிப் படத்தை என்னால் சொல்லமுடியாது. இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். முதற்பகுதியின் அந்த ஒற்றை ஷாட்டை உவேடாவின் உண்மையான குழுவினர் மூச்சிரைக்க ஓடி ஓடி எடுத்த காட்சிகள் அப்போதுதான் வருகின்றன.